சாயம் போனால்தான் படம்!

கிறிஸ்டோபர் பர்க்கெட் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரர். இளமையில் சில ஆண்டுகள் கிறிஸ்தவத் துறவு சபையொன்றில் இருந்துவிட்டுப் புகைப்படக்கலைக்கு வந்தவர். காட்டையும் பனியையும் இலையுதிர்கால மரங்களையும் 8×10 அங்குல ஸ்லைடு ஃபிலிமில் எடுப்பார். எடுத்ததைத் தன் இருட்டறையில் தன் கையாலேயே பிரிண்ட் போடுவார். 2011-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் நம்பியிருந்த தாளைக் கடைசியாக ஒருமுறை தயாரிக்கப் போகிறார்கள், அதோடு சரி. பர்க்கெட் ஆண்டுக்கணக்கில் வரும் அளவுக்குத் தாளையும் ரசாயனத்தையும் வாங்கிக் குவித்தார். தாளை உறைபெட்டியில் அடுக்கினார். அதற்குப் பிறகு அவர் போட்ட ஒவ்வொரு பிரிண்டும் அந்த இருப்பில் ஒரு கழித்தல்.

அந்தத் தாளின் பெயர் சிபாக்ரோம். பிற்காலத்தில் இல்ஃபோக்ரோம் என்று மாறியது. ஸ்லைடிலிருந்து நேராக வண்ணப் பிரிண்ட் போட உலகில் இருந்த வழிகளிலேயே மிகப் பெயர்பெற்றது அதுதான்.

ஸ்லைடு என்றால் இன்றைய இளைஞர்களுக்குக் கணினித் திரையில் அடுத்தடுத்து நகரும் பக்கங்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது ஃபிலிம் ஸ்லைடை. நெகட்டிவில் நிறமும் வெளிச்சமும் தலைகீழாக இருக்கும். ஸ்லைடில் கண்ணால் கண்டது கண்டபடியே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும், வானம் நீலம், வாழையிலை பச்சை. அச்சகங்களும் அதைத்தான் விரும்பின. ஒரு காலத்தில் பத்திரிகை அட்டைக்கும் காலண்டருக்கும் படம் கேட்டால், ‘டிரான்ஸ்பரன்சி இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. வண்ணம் பிரிப்பதற்கு அதுவே தோது.

ஆனால் ஸ்லைடைச் சுவரில் மாட்ட முடியாது. புரொஜெக்டர் வேண்டும், திரை வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு உட்கார ஆள் வேண்டும். சுவரில் மாட்டத் தாள் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, ஸ்லைடை இன்னொரு நெகட்டிவில் படமெடுத்து அதிலிருந்து பிரிண்ட் போடுவது. இதற்கு இன்டர்நெகட்டிவ் என்று பெயர். நகலுக்கு நகல் என்பதால் ஒவ்வொரு படியிலும் ஏதாவது கொஞ்சம் போய்விடும். மற்றது, ஸ்லைடையே என்லார்ஜரில் வைத்து நேராகத் தாளில் இறக்குவது. அதற்குத் தனித் தாள் வேண்டும். கோடாக், ஃபூஜி இரண்டுமே அப்படிப்பட்ட தாள்களைச் செய்துவந்தன. ஆனாலும் பெயரும் புகழும் சுவிட்சர்லாந்துத் தாளுக்குத்தான் போயின. காரணம் அதன் வேதியியல்.

இருப்பதை அழிக்கும் வித்தை

சாதாரண வண்ணத் தாளில் முதலில் சாயம் கிடையாது. டெவலப்பரில் போடும்போதுதான், வெளிச்சம் பட்ட இடங்களில் சாயம் உண்டாகிறது. சிபாக்ரோமில் கதை தலைகீழ். மஞ்சள், மஜெந்தா, சயான் என்ற மூன்று சாயங்களும் தாளிலேயே முழுதாக ஊற்றப்பட்டிருக்கும். மஞ்சள் அடுக்கு நீல வெளிச்சத்தையும், மஜெந்தா அடுக்கு பச்சையையும், சயான் அடுக்கு சிவப்பையும் உணரும். வெளிச்சம் பட்ட இடத்தில் முதல் டெவலப்பர் வெள்ளியை உருவாக்கும், கறுப்பு வெள்ளைப் படத்தில் நடப்பது போலவே. அடுத்து பிளீச். வலிய அமிலம் கலந்த இந்தக் குளியலில், வெள்ளி எங்கெங்கே உண்டாகியிருக்கிறதோ அங்கே மட்டும் சாயம் சிதைந்து நிறமற்றுப் போகும். கடைசியில் ஃபிக்ஸர் மிச்சமிருக்கும் வெள்ளி உப்புகளைக் கழுவிக்கொண்டு போய்விடும். எஞ்சி நிற்கும் சாயம்தான் படம்.

நம் ஊரில் சாயம் போய்விட்டது என்றால் துணி வீணாகிவிட்டது என்று பொருள். இங்கே சாயம் போனால்தான் படம்!

முன்கூட்டியே சாயத்தைத் தாளில் வைத்துவிடுவதால் ஒரு பெரிய வசதி கிடைத்தது. டெவலப்பருக்குள் பிறக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், எந்தச் சாயம் உறுதியானதோ அதையே தேர்ந்தெடுக்கலாம். தாளைச் செய்த சிபா நிறுவனத்தார் தேர்ந்தெடுத்தது அஸோ சாயங்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயப்பட்டறை நடத்துகிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிபா என்ற பெயரே பாசெல் நகர வேதித் தொழிலைக் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். அந்நிறுவனம் துணிச்சாயம் செய்து வளர்ந்தது. ஆக, சாயக்காரர்கள் செய்த புகைப்படத் தாள் இது. சாயமே வெளிச்சச் சிதறலை உறிஞ்சிக்கொள்வதால் விளிம்புகள் கத்தி போல விழும். இருட்டில் பத்திரமாக வைத்தால் அதன் நிறம் மங்குவதில்லை என்றே சொல்லலாம். வெயில் விழும் சுவரில் மாட்டினால் இதுவும் வெளுக்கும். விற்பனைப் பிரசுரங்கள் இந்த இரண்டாவது பகுதியைச் சற்று மெல்லிய குரலில்தான் சொல்லின.

யோசனை சுவிட்சர்லாந்தில் பிறந்ததல்ல. பேலா காஸ்பார் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1930களில் இதே தத்துவத்தில் காஸ்பர்கலர் என்ற சினிமா ஃபிலிமை உருவாக்கினார். ஆஸ்கர் ஃபிஷிங்கர், லென் லை போன்ற அனிமேஷன் கலைஞர்கள் அதில் படம் செய்தார்கள். போர்ச் சூழலில் அது அடங்கிப்போனது. சிபா அதே தத்துவத்தைத் தாளுக்குக் கொண்டுவந்து 1963-இல் வெளியிட்டது. 1970களின் நடுவில் வீட்டு இருட்டறைக்காரர்களுக்கும் பெட்டியாகக் கிடைக்க ஆரம்பித்தது.

கண்ணைக் கட்டிய வேலை

கறுப்பு வெள்ளை இருட்டறையில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சிவப்பு விளக்கு ஒரு துணை. டிரேயில் படம் மெல்ல எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிபாக்ரோமில் அந்தச் சுகம் கிடையாது. தாள் எல்லா நிறத்தையும் உணரும் என்பதால் முழு இருட்டு. பெட்டியிலிருந்து தாளை எடுப்பது, எந்தப் பக்கம் படப்பக்கம் என்று தடவிப் பார்ப்பது, வெளிச்சம் காட்டி முடித்ததும் சுருட்டி டிரம்முக்குள் நுழைத்து மூடுவது, எல்லாமே விரல் நுனியின் பொறுப்பு. டிரம்மை மூடிய பிறகுதான் விளக்கைப் போடலாம். அதன்பிறகு டிரம்மை உருட்டிக்கொண்டே டெவலப்பர், பிளீச், ஃபிக்ஸர், கழுவல். 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் ரசாயனத்தை வைத்துக்கொண்டால் சுமார் 12 நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் செய்யக்கூடிய வண்ண வேலைகளில் இது எளிதானது என்று பெயரெடுத்ததற்கு இதுவே காரணம். சூடு ஒரு டிகிரி முன்பின் ஆனாலும் மன்னித்துவிடும்.

மன்னிக்காத விஷயங்கள் வேறு. நெகட்டிவ் பிரிண்டில் பழகிய கை இங்கே ஒவ்வொன்றையும் மாற்றிக் கற்க வேண்டும். படம் கறுத்துவிட்டதா? வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது. மஞ்சள் தூக்கலாக இருக்கிறதா? ஃபில்டர் அடுக்கிலிருந்து மஞ்சளைக் கழிக்க வேண்டும். ஸ்லைடில் தூசு ஒட்டியிருந்தால் பிரிண்டில் வெள்ளைப்புள்ளி விழாது, கரும்புள்ளி விழும். வெள்ளைப்புள்ளியை மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டு மறைத்துவிடலாம். கரும்புள்ளியை என்ன செய்வது? அந்த இடத்தை மட்டும் வெளுக்கவைத்து, பிறகு நிறம் தொட வேண்டும். அதனால் ஸ்லைடைத் துடைப்பதே பாதி வேலை. ஈரப் பிரிண்டைப் பார்த்து நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. ஈரத்தில் சற்றுச் சிவப்பேறித் தெரியும், காய்ந்தபின் மாறிவிடும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் தாளின் குணம் கொஞ்சம் வேறுபடும். புதுப் பெட்டி பிரித்தால் மறுபடி முதலிலிருந்து டெஸ்ட் ஸ்ட்ரிப்.

எல்லாவற்றையும் விடக் கடினம் கான்ட்ராஸ்ட். ஸ்லைடே அழுத்தமானது. தாள் அதைவிட அழுத்தமானது. இரண்டும் சேர்ந்தால் நிழல் கரி, வெளிச்சம் வெறும் வெள்ளை. இதற்கு மாஸ்க் என்றொரு உபாயம். ஸ்லைடோடு ஒட்டவைத்துக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஒரு மங்கலான நெகட்டிவ் எடுப்பார்கள். வேண்டுமென்றே சற்றுத் தெளிவில்லாமல் எடுப்பார்கள். அதை ஸ்லைடின் மேல் முடியளவும் பிசகாமல் பொருத்தி, இரண்டையும் சேர்த்து என்லார்ஜரில் வைப்பார்கள். ஸ்லைடில் எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே மாஸ்க் அதைத் தடுக்கும். நிழலில் ஒளிந்திருந்த விவரம் வெளியே வரும், விளிம்பும் கூர்மையாகும். போட்டோஷாப்பில் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்றொரு கட்டளை இருக்கிறதே, அதன் பெயர் இந்த இருட்டறை வேலையிலிருந்து வந்ததுதான்.

வேலை முடிந்ததும் பிளீச்சை அப்படியே சாக்கடையில் ஊற்றக் கூடாது. அமிலத்தை முறித்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அதன் நெடி தொண்டையைப் பிடிக்கும். சின்னக் குளியலறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

இத்தனை பாட்டுக்குப் பலன்? பாலியெஸ்டர் தளத்தின் மேல் கண்ணாடி போன்ற பளபளப்பு, அடி ஆழம் தெரியும் நிறம். கையால் தொட்டால் ரேகை விழும், கொஞ்சம் உரசினால் கீறல் விழும். நான் கறாராகவே சொல்வேன், சிபாக்ரோமில் வந்த படங்களில் பாதி, அந்தப் பளபளப்பை நம்பியே எடுக்கப்பட்டவை. சூரியன் மறைவது, பஞ்சவர்ணக்கிளி, சிவப்புக் கார். நிறம் கண்ணைப் பறிக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் கனடாவின் ஜெஃப் வால் இதே குடும்பத்துப் பொருளைத் தாளாக அல்லாமல் ஒளிபுகும் ஃபிலிமாக எடுத்து, பின்னால் விளக்கு வைத்து, பேருந்து நிறுத்த விளம்பரப் பெட்டி போல் காட்சிக்கூடத்தில் மாட்டினார். நேன் கோல்டின் என்ற புகைப்படக்காரர் நியூயார்க்கில் தன் நண்பர்களின் காதலையும் காயத்தையும் ஸ்லைடில் எடுத்துத் திரையில் ஓட்டினார், சிபாக்ரோமாகவும் போட்டுச் சுவரில் வைத்தார். அறைவிளக்கின் மஞ்சளும் உதட்டுச் சிவப்பும் அந்தத் தாளில் தகித்தன.

ஒரே ஆலை, ஒரே எந்திரம்

பிறகு ஏன் நின்றது? டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போனது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். உண்மைதான், ஆனால் போதாது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமும் இதே டிஜிட்டல் புயலைத்தான் சந்தித்தது. 2004-இல், இல்ஃபோக்ரோமுக்குப் பெயர் தந்த இல்ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டிஷ் பகுதி நொடித்துப்போனது. அதன் மேலாளர்கள் சிலரே கூடி வாங்கி, ஹார்மன் என்ற பெயரில் நடத்தினார்கள். இங்கிலாந்தின் மொபர்லியில் இன்றும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சுவிஸ் பகுதி தனியாகப் பிரிந்து 2005-இல் ஜப்பானின் ஓஜி பேப்பர் கைக்குப் போனது, பிறகு அங்கிருந்தும் கைமாறியது. ஃபிரைபர்க் நகருக்கு அருகே மார்லி என்ற சிற்றூரில் இருந்த அந்த ஆலைதான் இல்ஃபோக்ரோமின் ஒரே பிறப்பிடம். 2011-இல் கடைசித் தயாரிப்பு. 2013 டிசம்பரில் நிறுவனமே திவால்.

ஒரே பெயரில் இருந்த இரண்டு ஆலைகளில் ஒன்று பிழைத்தது, ஒன்று போனது. கறுப்பு வெள்ளைத் தாளில் அடுக்கு குறைவு, டெவலப்பரையும் ஃபிக்ஸரையும் யாரும் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். வண்ணத் தாள் அப்படியல்ல. பல அடுக்குகளைச் சீரான கனத்தில், முழு இருட்டில், அகலமான சுருளில் ஊற்றும் எந்திரத்தைக் கொஞ்சமாக ஓட்ட முடியாது. ஓட்டினால் பெரிய சுருளாகத்தான் ஓட்ட வேண்டும். வாங்க ஆளில்லாமல் கிடங்கில் கிடந்தால் அதுவும் வயதாகும். ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். எந்திரம் நின்ற பிறகு அதன் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனால், பணம் கொட்டினாலும் மறுபடி ஓட்ட முடியாது.

ரசாயனத்திலும் இதே சிக்கல். சிபாக்ரோமின் டெவலப்பர் போனால் கறுப்பு வெள்ளை டெவலப்பரை வைத்துச் சமாளிக்கலாம். ஃபிக்ஸருக்கும் பஞ்சமில்லை. பிளீச்தான் முட்டுக்கட்டை. அமிலம் மட்டும் போதாது, வினையைத் தூண்டும் தனிப் பொருளும் வேண்டும். அதைத் தேடிக் கலந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தாளே இல்லாதபோது பிளீச்சை வைத்து என்ன செய்வது?

இருக்கும் தாளும் என்றென்றைக்கும் தாங்காது. உறைநிலையில் வைத்தால் முதுமை மெதுவாகும், நிற்காது. எடுக்கும்போது இரவு முழுக்க அறைச்சூட்டுக்கு வரவிட்டுத்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் தாளில் ஈரம் பூத்துவிடும். மின்சாரம் நாள்கணக்கில் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எக்ல்ஸ்டனின் கடைசிச் சாயங்கள்

இந்த நாடகத்தின் முதல் காட்சி 1994-லேயே நடந்துவிட்டது. அந்த ஆண்டு கோடாக் டை டிரான்ஸ்ஃபர் முறைக்கான பொருள்களை நிறுத்தியது. அது இன்னும் கடினமான வித்தை. ஒரு ஸ்லைடிலிருந்து சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் வழியாக மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஜெலட்டின் மேடு பள்ளமாக நிற்கும் ஒரு மேட்ரிக்ஸ் ஃபிலிம். மேடு உயர்ந்த இடம் அதிகச் சாயம் குடிக்கும். மூன்று மேட்ரிக்ஸையும் மூன்று சாயத்தில் ஊறவைத்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாக ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு நல்ல பிரிண்டுக்கு நாள்கணக்கில் வேலை.

விளம்பரக் கம்பெனிகள் பயன்படுத்திவந்த இந்த விலையுயர்ந்த முறையை மெம்ஃபிஸின் வில்லியம் எக்ல்ஸ்டன் தன் படங்களுக்கு எடுத்துக்கொண்டார். எடுத்தது கோடாக்ரோம் ஸ்லைடில், போட்டது டை டிரான்ஸ்ஃபரில். 1973-இல் அவர் எடுத்த சிவப்புக் கூரை, ஒரு விளக்கு, மூன்று வெள்ளை வயர்கள், அவ்வளவுதான். அச்சிட்ட பக்கத்தில் அந்தச் சிவப்பு தனக்குத் திருப்தியாக வந்ததே இல்லை என்று அவரே சலித்துக்கொண்டதுண்டு. 1976-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களை வைத்தபோது, வண்ணப்படம் கலையே அல்ல என்று நினைத்திருந்த விமரிசகர்கள் கொதித்தார்கள்.

கோடாக் நிறுத்தியபோது, கை ஸ்ட்ரிக்கர்ஸ், ஐரீன் மல்லி என்ற இரு பிரிண்டர்கள் கிடைத்த பொருளை வாங்கிச் சேர்த்துவைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அதைச் சிக்கனமாகச் செலவழித்து எக்ல்ஸ்டனின் படங்களைப் போட்டார்கள். 2024-இல் லாஸ் ஏஞ்சலிஸில் டேவிட் ஸ்விர்னர் காட்சிக்கூடம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. காட்சியின் பெயர் ‘கடைசிச் சாயங்கள்’. மேட்ரிக்ஸ் ஃபிலிம் தீர்ந்தது, முறையும் தீர்ந்தது.

மிச்சமிருக்கும் வழிகள்

பிடிவாதக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. நெகட்டிவ் பிரிண்டுக்கான ஆர்ஏ-4 தாள் இன்னும் தயாராகிறது. டிஜிட்டல் ஸ்டுடியோக்களின் எந்திரங்களுக்கே அது வேண்டும். ஸ்லைடை அந்தத் தாளிலேயே போட ஒரு குறுக்குவழி உண்டு. என்லார்ஜரில் வெளிச்சம் காட்டி, முதலில் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் போடுகிறார்கள். நன்றாகக் கழுவியபின் அறை விளக்கையே போட்டு தாள் முழுவதற்கும் வெளிச்சம் காட்டுகிறார்கள். பிறகு ஆர்ஏ-4 வண்ண டெவலப்பர், கடைசியில் பிளீச்-ஃபிக்ஸ். எதிரெதிராகத் திரும்பி நேர்ப்படம் வந்துவிடும்.

வந்துவிடும், ஆனால் ஒழுங்காக வருமா? அந்தத் தாள் ஆரஞ்சுத் தளமுள்ள மென்மையான நெகட்டிவுக்காகச் செய்யப்பட்டது. ஸ்லைடில் ஆரஞ்சும் இல்லை, மென்மையும் இல்லை. நிறம் எங்கெங்கோ ஓடும், நிழல் அடைத்துக்கொள்ளும். தாளுக்கு முன்பே லேசாக வெளிச்சம் காட்டி அழுத்தத்தைத் தணிக்கலாம், ஃபில்டரைக் கனமாகப் போட்டு நிறத்தை இழுத்துப் பிடிக்கலாம். நான் பார்த்தவரை இதில் வரும் படங்களுக்குத் தனி அழகு உண்டு, ஆனால் அது சிபாக்ரோமின் அழகல்ல. அதை அதன் பாட்டுக்கு ரசிப்பதே நியாயம்.

ஸ்லைடு ஃபிலிமும் நித்தியமல்ல. 1935-இல் பிறந்த கோடாக்ரோமை 2009-இல் நிறுத்தினார்கள். கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்த ஒரே ஆய்வகமும் 2010 டிசம்பர் இறுதியோடு அதைக் கழுவ ஏற்பதை நிறுத்திக்கொண்டது. ஆலையிலிருந்து வந்த கடைசிச் சுருளின் 36 படங்களில் சிலவற்றைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி இந்தியாவில்தான் எடுத்தார். எக்டாக்ரோமை 2012-இல் கைவிட்ட கோடாக் 2018-இல் திரும்பக் கொண்டுவந்தது. ஃபூஜியின் வெல்வியா 100, ஒரு ரசாயனத்துக்கு வந்த கட்டுப்பாட்டால் 2021-இல் அமெரிக்கச் சந்தையை இழந்தது. ஆக, எடுக்க ஃபிலிம் இருக்கிறது, போடத் தாள் இல்லை.

ஸ்கேன் செய்து அச்சிடலாமே என்றால், செய்யலாம். நல்ல ஸ்கேனும் நல்ல பிக்மென்ட் இங்க் அச்சும் சிபாக்ரோமால் முடியாத சிலவற்றைச் செய்யும். நிழலைத் திறக்கும், நிறத்தை அளந்து திருத்தும், தூசைச் சொடுக்கில் அழிக்கும். மாஸ்க் எடுக்க ஒரு நாள் மினக்கெட்டவர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். பிரிண்ட் மோசம் என்று இதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போனது தரமல்ல. மலையுச்சியில் ஃபிலிம் மேல் விழுந்த வெளிச்சத்துக்கும் சுவரில் தொங்கும் தாளுக்கும் நடுவே எண்கள் இல்லாத ஒரு நேர்வழி இருந்தது. அந்த வழிதான் அடைபட்டுவிட்டது. அது முக்கியமா இல்லையா என்பது அவரவர் மனம்.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஸ்லைடுப் பெட்டி ஏதேனும் இருந்தால், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் பூஞ்சை அதற்கு முதல் எதிரி. பிவிசி உறைகளில் இருந்தால் மாற்றிவிடுங்கள், பாலிபுரோப்பிலீன் உறையே நல்லது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். புரொஜெக்டரில் அடிக்கடி ஓட்டாதீர்கள், குறிப்பாகக் கோடாக்ரோமை. இருட்டில் அது பல்லாண்டு தாங்கும், புரொஜெக்டர் விளக்கில் சீக்கிரம் வெளுக்கும். பழைய எக்டாக்ரோம் ஏற்கெனவே சிவந்து மங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் ஸ்கேன் செய்துவிடுங்கள். ஸ்கேன் செய்த பிறகு ஸ்லைடைக் குப்பையில் போடவே போடாதீர்கள்.